320 ஜிபி டிஸ்க் 31.5 ஜிபி என்று காட்டுகிறது: பழைய கணினியில் பெரிய ஹார்ட் டிஸ்க்

செம்பருத்தி · பதிவு 1

அப்பாவின் கணினி 2002 கடைசியில் வாங்கியது. இன்டெல் 845 சிப்செட் மதர்போர்டு, 512 எம்பி ராம், விண்டோஸ் எக்ஸ்பி. உள்ளே இருக்கிற 40 ஜிபி ஐடிஈ (பட்டைக் கேபிளில் மாட்டும் பழைய வகை) டிஸ்க் நிரம்பிவிட்டது, 1 ஜிபிகூட மீதமில்லை. போன வாரத்திலிருந்து இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. கணினியைப் போட்டதும் சில நாள் 'டக், டக்' என்று நாலைந்து முறை சத்தம் வருகிறது, அப்புறம் அடங்கிவிடுகிறது.

புதுக் கணினி வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். அப்பா மொழிபெயர்ப்பாளர். அவருடைய வேலை முழுவதும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில், ஒரு பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் இருக்கிறது. பிரிண்டர் போர்ட்டில் செருகும் டாங்கிள் இருந்தால்தான் அந்த மென்பொருள் திறக்கும். வேறு எந்தக் கணினியிலும் அது ஓடவில்லை. ஆகவே இந்தப் பெட்டி இன்னும் சில வருடம் உயிரோடு இருக்க வேண்டும்.

வேறொரு கணினியைக் கழித்தபோது எடுத்து வைத்த 320 ஜிபி ஐடிஈ டிஸ்க் ஒன்று என்னிடம் இருக்கிறது. சிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த கேபிளில் மாட்டினேன். பயாஸ் (கணினியைப் போட்டதும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) 33.8 ஜிபி என்கிறது, எக்ஸ்பி 31.5 ஜிபி என்கிறது. 320 எங்கே போனது? பழைய கணினி பெரிய டிஸ்க்கை ஏற்காது என்பது இதுதானா?

கார்முகில் · பதிவு 2

இது பயாஸ் பிரச்சினை. 32 ஜிபிக்கு மேல் எண்ணத் தெரியாத பயாஸ்கள் நிறைய இருந்தன. 1999 நடுப்பகுதிக்கு முந்தைய பல அவார்டு பயாஸ்களில் 33.8 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கை மாட்டினால் கணினி அப்படியே நின்றுவிடும். பயாஸை அப்டேட் செய்து பாருங்கள்.

நெடுவழி · பதிவு 3

செம்பருத்தி, முதலில் அந்தச் சத்தத்தைப் பேசிவிடுவோம். டிஸ்க்கின் தலை தன் இடத்தைத் தேடி, கிடைக்காமல் திரும்பத் திரும்பப் போய் வருகிற சத்தமாக அது இருக்கலாம். இன்றோடு அந்த 40 ஜிபி டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். அப்பாவின் கோப்புகள் வேறு எங்கேயும் இல்லையென்றால் கணினியை அணைத்து வையுங்கள். அளவு எவ்வளவு காட்டுகிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கார்முகில் சொன்ன 33.8 வரம்பு உண்மை. ஆனால் இங்கே அது பொருந்தாது. காரணம் செம்பருத்தியின் பதிவிலேயே இருக்கிறது. இதே பயாஸ் 40 ஜிபி டிஸ்க்கை முழுதாகக் காட்டுகிறதே! 33.8-இல் முட்டுகிற பயாஸ் 40-ஐயும் காட்டியிருக்காது.

என் சந்தேகம் டிஸ்க்கின் பின்பக்கத்தில் இருக்கிறது. கேபிள் செருகும் இடத்துக்கும் மின்சார இணைப்புக்கும் நடுவே இரண்டு வரிசைச் சிறு கம்பிகள் இருக்கும். அவற்றின்மேல் எத்தனை ஜம்பர் (இரண்டு கம்பிகளை இணைக்கும் சிறு மூடி) மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். டிஸ்க்கின் மேல் ஒட்டிய தாளில் ஜம்பர் படமும் இருக்கும்.

செம்பருத்தி · பதிவு 4

கணினியை அணைத்துவிட்டேன் அண்ணா. போன மாதம் வரையிலான கோப்புகள் அப்பாவின் பென் டிரைவில் இருக்கின்றன. அதன் பிறகு செய்த இரண்டு அத்தியாயங்கள் மட்டும் இல்லை.

ஜம்பர் இரண்டு இருக்கின்றன. ஒன்று மாஸ்டர் (கேபிளின் முதல் டிஸ்க் என்று குறிக்கும்) இடத்தில். இன்னொன்று தனியாக வலது ஓரத்தில். தாளில் அந்த இடத்துக்கு நேராக 'கொள்ளளவை 32 ஜிபிக்குக் கட்டுப்படுத்த' என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது.

நெடுவழி · பதிவு 5

அதேதான். அந்த இரண்டாவது ஜம்பரைக் கழற்றிவிடுங்கள்.

கார்முகில் சொன்ன பயாஸ்களுக்காகத்தான் டிஸ்க் தயாரிப்பாளர்கள் இந்த ஏற்பாட்டை வைத்தார்கள். ஜம்பரைப் போட்டால் டிஸ்க்கே தன் அளவு 33.8 ஜிபிதான் என்று பொய் சொல்லும். பயாஸும் நிற்காமல் மேலே போகும். உங்கள் டிஸ்க் முன்பு ஏதோ பழைய கணினியில் இருந்திருக்கிறது, யாரோ போட்டுவிட்டு மறந்திருக்கிறார்கள்.

கழற்றிய பிறகு பயாஸ் என்ன எண் காட்டுகிறது, எக்ஸ்பி என்ன காட்டுகிறது என்று தனித்தனியாக எழுதுங்கள். மை கம்ப்யூட்டர் மேல் வலது சொடுக்கு, ப்ராப்பர்ட்டீஸ், அதில் சர்வீஸ் பேக் (எக்ஸ்பிக்கு வந்த திருத்தத் தொகுப்பு) வரி என்ன என்பதும் வேண்டும். ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு அணைத்துவிடுங்கள்.

ஈரநிலம் · பதிவு 6

இந்த எண்கள் எல்லாம் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. வெறும் எண்ணை வைத்தே எந்த இடத்தில் தடை என்று சொல்லிவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதல் சுவர் 528 எம்பி. அந்தக் காலத்தில் டிஸ்க்கில் ஓர் இடத்தைச் சொல்ல மூன்று எண்கள் தேவைப்பட்டன: சிலிண்டர் (வட்டப் பாதை), ஹெட் (படிக்கும் தலை), செக்டர் (பாதையில் ஒரு சிறு துண்டு). பயாஸ் வைத்திருந்த கட்டங்களில் 1024 சிலிண்டர், 256 ஹெட், 63 செக்டர் வரை எழுத இடம் இருந்தது. ஐடிஈ இணைப்பு வைத்திருந்த கட்டங்களில் 65,536 சிலிண்டர், 16 ஹெட், 255 செக்டர் வரை எழுதலாம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே தாராளம்தான். ஆனால் ஒரு விண்ணப்பத்தை இருவர் நிரப்பினால் ஒவ்வொரு கட்டத்திலும் சிறியதுதான் செல்லும், இல்லையா? 1024 × 16 × 63 செக்டர், ஒவ்வொன்றிலும் 512 பைட். பெருக்கினால் 52,84,82,304 பைட். இரண்டு பக்கமும் தாராளமாக இருந்தும் நடுவில் கிடைத்தது அரை ஜிபிதான்.

அப்புறம் பயாஸ் எண்களை மாற்றிச் சொல்லும் தந்திரம் வந்தது, சுவர் 8.4 ஜிபிக்கு நகர்ந்தது. பிறகு இடத்தை ஒரே எண்ணால் சொல்லும் எல்பிஏ முறை. அந்த எண்ணுக்கு ஐடிஈ ஒதுக்கியது 28 பிட். 2-இன் 28-ஆம் அடுக்கு 26,84,35,456 செக்டர். அதை 512-ஆல் பெருக்கினால் 137 ஜிபி சொச்சம். விண்டோஸ் 1024-ஆல் வகுத்துக் காட்டுவதால் அதில் இதே அளவு 128 ஜிபி என்று தெரியும். 2002-இல் வந்த ஏடிஏ-6 தரத்தில் 28 பிட் 48 ஆனது, அந்தச் சுவரும் போனது.

இன்றைக்கும் நிற்கிற சுவர் 2.2 டிபி. அது பயாஸில் இல்லை. எம்பிஆர் என்கிற பழைய பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த பகுதி) அட்டவணையில் செக்டர் எண்ணுக்கு 32 பிட்தான் இடம்.

ஆகவே செம்பருத்தி, ஜம்பரைக் கழற்றியதும் 137 என்றோ 128 என்றோ ஏதாவது தெரிந்தால் பயப்பட வேண்டாம். யார் 28 பிட்டில் நிற்கிறார் என்று மட்டும் தேடினால் போதும்.

கார்முகில் · பதிவு 7

என் பதிவு 2 தவறு, நெடுவழி சொன்னது சரி. 40 ஜிபி டிஸ்க் முழுதாகத் தெரிவதை நான் கவனிக்கவில்லை.

ஆனால் வேறொன்று கேட்க வேண்டும். அந்த 320 ஜிபி ஐடிஈ டிஸ்க்குக்கும் வயது அதிகம். பழைய டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது என்று இன்னொரு பழைய டிஸ்க்கை நம்புவது சரியா? சாட்டாவை (ஐடிஈக்குப் பின் வந்த இணைப்பு) ஐடிஈ ஆக்கும் சிறு அட்டை ஒன்று வைத்து, புது எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) மாட்டலாம். சத்தம் இல்லை, சூடு இல்லை, அதிர்ச்சிக்கும் தாங்கும். 128 ஜிபிக்கும் சிறிதாக வாங்கினால் ஈரநிலம் சொன்ன சுவர் எதையும் தொடவே தேவையில்லை.

நெடுவழி · பதிவு 8

நல்ல யோசனை, ஒதுக்கத் தக்கதல்ல. ஆனால் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். அந்த மாற்று அட்டைகளில் சில, சில போர்டுகளோடு ஒத்துப்போவதில்லை, மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். எக்ஸ்பிக்கு ட்ரிம் தெரியாது. அழித்த இடம் எது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் வசதி விண்டோஸ் 7-இல்தான் வந்தது. மேலும் எக்ஸ்பி தன் முதல் பார்ட்டிஷனை 63-ஆவது செக்டரில் ஆரம்பிக்கும். 4096 பைட் கட்டங்களாக வேலை செய்கிற எஸ்எஸ்டிக்கும், 2010-க்குப் பிந்தைய பல ஹார்ட் டிஸ்க்குகளுக்கும் அது கோணலான ஆரம்பம். எழுதுகிற ஒவ்வொரு துண்டும் இரண்டு கட்டங்களில் பாதிப் பாதியாக விழும். பார்ட்டிஷனை 2048-ஆவது செக்டரில் ஆரம்பித்து வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

320 ஜிபி டிஸ்க்கின் வயதைப் பற்றிய கேள்வி மிகச் சரி. செம்பருத்தி, அதை ஒரு யுஎஸ்பி-ஐடிஈ மாற்றியில் மாட்டி, உங்கள் புதிய கணினியில் ஸ்மார்ட் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியல்) விவரத்தைப் பாருங்கள். ஜம்பர் மாஸ்டரில் இருக்கட்டும், பல மாற்றிகள் அப்படி இருந்தால்தான் டிஸ்க்கை அடையாளம் காணும். மூன்று வரிகள் போதும். 5: இடம் மாற்றப்பட்ட செக்டர். 197: சந்தேகத்தில் நிற்கும் செக்டர். 199: கேபிள் வழியில் வந்த பிழை. முதல் இரண்டும் பூஜ்யமாக இருந்தால் மேலே போவோம். 197 பூஜ்யம் இல்லையென்றால் கார்முகில் சொன்ன வழிக்கே போய்விடுங்கள்.

செம்பருத்தி · பதிவு 9

5 பூஜ்யம், 197 பூஜ்யம், 199-இல் 12. ஓடிய நேரம் 6,000 மணிக்குச் சற்று மேல்.

ஜம்பரைக் கழற்றியதும் பயாஸ் 137 ஜிபி காட்டுகிறது. எக்ஸ்பி 128 ஜிபி. சர்வீஸ் பேக் என்ற வரியே இல்லை. ஈரநிலம் அண்ணா சொன்ன எண் அப்படியே வந்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

128 ஜிபியே அப்பாவுக்குப் போதும். இத்தோடு விட்டுவிடலாமா? இல்லை, புதிய கணினியிலேயே 320-ஐயும் ஒரே பார்ட்டிஷனாக ஃபார்மேட் செய்து கொண்டுவந்து மாட்டினால் எக்ஸ்பி முழுதாகப் பார்க்குமா?

குறிஞ்சிப்பூ · பதிவு 10

இரண்டாவது வழி வேண்டவே வேண்டாம். செம்பருத்தி, தயவுசெய்து படியுங்கள். அதே காரியத்தை நான் செய்தேன்.

என்னுடையது விண்டோஸ் 98 கணினி, 160 ஜிபி டிஸ்க். அந்தக் கணினியால் முழுதாக ஃபார்மேட் செய்ய முடியவில்லை என்று, வேறொரு கணினியில் லினக்ஸ் வைத்து 149 ஜிபி ஒரே பார்ட்டிஷனாக ஆக்கிக் கொண்டுவந்து மாட்டினேன். அழகாகத் தெரிந்தது. முழு அளவும் காட்டியது. எட்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அதில்தான் வைத்தேன்.

ஒருநாள் மாலை படங்களை நகலெடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு கோப்புறையின் பெயர் மாறியது. கண்ணெதிரே. 'கல்யாணம்' என்று ஆங்கில எழுத்தில் வைத்திருந்த பெயர் கட்டங்களும் கோடுகளுமாக ஆனது. திறந்தால் உள்ளே இருக்கும் கோப்புகளின் தேதி எல்லாம் வராத வருடங்கள். திரையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து கணினியை அணைத்துப் போட்டேன். திரும்ப வரவில்லை. கருப்புத் திரையில் இயங்குதளம் இல்லை என்ற ஒரே வரி.

பிறகுதான் காரணம் புரிந்தது. 28 பிட்டில் எழுதத் தெரிந்த டிரைவரிடம் 26,84,35,456-ஆவது செக்டரில் எழுது என்றால், அந்த எண்ணின் மேல் பிட் கழன்று போய், மிச்சம் பூஜ்யமாகிறது. பூஜ்யமாவது செக்டரில் எழுதிவிடும். பார்ட்டிஷன் அட்டவணை இருப்பது அங்கேதான். அதற்கு அடுத்துக் கோப்பு அட்டவணை. 128 ஜிபி நிரம்பும் வரை எதுவும் தெரியாது. நிரம்பிய அடுத்த நொடி, வாசலிலிருந்து எழுத ஆரம்பித்துவிடும். பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை.

படங்களில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. பாட்டியின் ஒரே படம் கிடைக்கவில்லை. டிஸ்க் முழுதாகத் தெரிகிறது என்பதை வைத்து எதையும் நம்பாதீர்கள்.

செம்பருத்தி · பதிவு 11

குறிஞ்சிப்பூ அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. எழுதியதற்கு நன்றி. நான் அதைத்தான் செய்யப் போனேன்.

நெடுவழி · பதிவு 12

128-ஓடு விட்டுவிடலாம், அது பாதுகாப்பான வழிதான். எக்ஸ்பி தானே பார்த்துத் தானே உருவாக்கிய பார்ட்டிஷன் அந்தச் சுவரைத் தாண்டாது. ஆனால் நாளைக்கு யாராவது மிச்ச இடத்தைப் பார்த்துவிட்டு வேறு கணினியில் நீட்டி வைத்தால் பதிவு 10 அப்படியே நடக்கும். அதனால் முறையாகத் திறந்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. இரண்டு பேர் 28 பிட்டில் நிற்கிறார்கள், பயாஸும் எக்ஸ்பியும். இரண்டையும் சரிசெய்ய வழி உண்டு.

வரிசை முக்கியம். இப்படிச் செய்யுங்கள்.

முதலில் பழைய 40 ஜிபி டிஸ்க்கைக் கழற்றி, புதிய கணினியில் யுஎஸ்பி மாற்றி மூலம் மாட்டி, டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் கொண்டு 320 ஜிபி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். சாதாரண க்ளோன் மென்பொருளைவிட இது ஏன் என்றால், படிக்க முடியாத இடம் வந்தால் அங்கேயே முட்டிக்கொண்டிருக்காது. தாண்டிப் போய் மற்றதை எல்லாம் எடுத்துவிட்டு, கடைசியில் அந்த இடத்துக்குத் திரும்பி வரும். சாகிற டிஸ்க்குக்கு அதுதான் மரியாதை. எதிலிருந்து எதற்கு என்பதை மட்டும் மூன்று முறை பாருங்கள், திசை மாறினால் எல்லாம் போச்சு. இரண்டு டிஸ்க்கின் வரிசை எண்களையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

முடிந்ததும் 40 ஜிபி டிஸ்க்கைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். இனி அதில் எதுவும் செய்யக் கூடாது. அப்பாவின் கணினியில் 320 மட்டும்தான் இருக்க வேண்டும். முதல் முறை எழும்போது பழையதும் கூடவே இருந்தால் எக்ஸ்பி டிரைவ் எழுத்துக்களைக் குழப்பிக்கொண்டு, பயனர் நுழையும் திரையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்த நிலையில் 320 டிஸ்க்கில் முதல் 40 ஜிபிதான் பார்ட்டிஷன், மீதி வெற்றிடம். ஆகவே சுவர் பற்றிய பயம் இல்லை. எழும்புகிறதா, அந்த மென்பொருள் டாங்கிளோடு திறக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பயாஸ், அப்புறம் சர்வீஸ் பேக், கடைசியில்தான் பார்ட்டிஷன்.

மணற்கேணி · பதிவு 13

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், கிட்டத்தட்ட இதே கேள்வி. எக்ஸ்பி கணினியில் 3 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் யுஎஸ்பி வழியாக முழுதாகத் தெரிகிறது. 2.2 டிபி சுவர் என்று ஈரநிலம் சொன்னாரே? பெட்டியைப் பிரித்து டிஸ்க்கை உள்ளே நேரடியாக மாட்டினால் வேகம் கூடும் என்று நினைக்கிறேன்.

ஈரநிலம் · பதிவு 14

பிரிக்காதீர்கள். உங்கள் பெட்டிக்குள் இருக்கும் சிறு சர்க்யூட், டிஸ்க்கின் செக்டரை 512-க்குப் பதில் 4096 பைட் என்று கணினிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். 32 பிட் எண் அதேதான், ஒவ்வொரு எண்ணும் எட்டு மடங்கு இடத்தைக் குறிக்கிறது. அதனால் சுவரும் எட்டு மடங்கு தள்ளிப் போனது. எக்ஸ்பிக்காகவே செய்த ஏற்பாடு அது.

பெட்டியிலிருந்து எடுத்து நேரடியாக மாட்டினால் செக்டர் மறுபடி 512 ஆகிவிடும். அட்டவணையில் இருக்கிற எண்கள் எல்லாம் தவறான இடத்தைக் காட்டும், டிஸ்க் காலியாகத் தெரியும். தரவு அப்படியேதான் இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்கும், பதற்றத்தில் 'சரி' என்று அழுத்திவிடுவோம். முதலில் எல்லாவற்றையும் வேறிடத்தில் நகலெடுங்கள். உள்ளே மாட்டினாலும் 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடி என்ற புதுவகைப் பார்ட்டிஷன் அட்டவணை படிக்க வராது, 2.2 டிபிக்கு மேல் உங்களுக்குக் கிடைக்காது.

மணற்கேணி · பதிவு 15

நல்ல வேளை கேட்டேன். பெட்டி பெட்டியாகவே இருக்கட்டும். நன்றி.

செம்பருத்தி · பதிவு 16

நகல் முடிந்தது. ஐந்து மணி நேரம் ஆனது. பெரும்பகுதி முதல் ஒரு மணி நேரத்திலேயே வந்துவிட்டது, மீதி நேரம் முழுவதும் கடைசிச் சில இடங்களுக்கு. முடிவில் 24 கேபி மட்டும் படிக்க முடியவில்லை. அது நடந்துகொண்டிருந்தபோது பழைய டிஸ்க் அதே 'டக், டக்' சத்தம் போட்டது. அப்பா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

320-ஐ மட்டும் மாட்டிப் போட்டதும் எக்ஸ்பி நீலத் திரையில் டிஸ்க்கைச் சரிபார்த்தது, அப்புறம் எழுந்தது. மென்பொருள் திறக்கிறது. அந்த இரண்டு அத்தியாயங்களும் இருக்கின்றன. உடனே பென் டிரைவில் போட்டுவிட்டேன்.

பயாஸ் அப்டேட் போர்டு தயாரிப்பாளரின் பக்கத்தில் இன்னும் கிடைக்கிறது. பதிப்புக் குறிப்பில் 137 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்குக்கு ஆதரவு என்று ஒரு வரி இருக்கிறது. ஃபிளாப்பியில் போட்டுச் செய்ய வேண்டுமாம். பயமாக இருக்கிறது.

நெடுவழி · பதிவு 17

பயப்படுவது சரிதான், பாதியில் மின்சாரம் போனால் போர்டு எழாது. போர்டின் மாதிரிப் பெயரோடு அதன் திருத்த எண்ணையும் ஒப்பிடுங்கள், அது போர்டின் மேலேயே அச்சிட்டிருக்கும். ஃபிளாப்பியைப் புதிதாக, முழுதாக ஃபார்மேட் செய்யுங்கள். ஒரு செக்டர் கெட்டிருந்தாலும் வேறு ஃபிளாப்பி. கருவி பழைய பயாஸைச் சேமிக்கவா என்று கேட்டால் சேமியுங்கள். யுபிஎஸ் இருக்கிற நேரத்தில் மட்டும் செய்யுங்கள்.

மனம் ஒப்பவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. பிசிஐ இடத்தில் செருகும் ஐடிஈ கார்டு. 48 பிட் தெரிந்த பயாஸ் அதன் மேலேயே இருக்கும், போர்டின் பயாஸைத் தொட வேண்டியதில்லை.

ஒன்றே ஒன்று செய்ய வேண்டாம். டிஸ்க் மேலாளர் என்ற பெயரில் அந்தக் காலத்தில் கொடுத்த மென்பொருள்கள் டிஸ்க்கின் முதல் செக்டரில் உட்கார்ந்துகொண்டு பயாஸை ஏமாற்றும். வேறு வழியில் கணினியை எழுப்பினாலோ டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டினாலோ, அந்த மென்பொருள் நடுவில் இருக்காது, பார்ட்டிஷன்களும் தெரியாது.

சர்வீஸ் பேக்குக்கு: 48 பிட் ஆதரவு எக்ஸ்பியில் சர்வீஸ் பேக் 1-இலிருந்து உண்டு. நீங்கள் முதலில் 2 போட்டு, அதன் மேல் 3 போடுங்கள். வெறும் எக்ஸ்பியின் மேல் 3 நேரடியாக ஏறாது. இடம் போதாது, ஆகவே அதற்கு முன் புதிய கணினியில் ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் மென்பொருள் கொண்டு சி பார்ட்டிஷனை 60 ஜிபியாக நீட்டுங்கள். 60-க்கு மேல் வேண்டாம். கணினி எழும்பும்போது முதலில் படிப்பது பயாஸ்தான். அதன் கை எட்டும் தூரத்தில் எக்ஸ்பி இருந்துவிட்டால் மற்றவை எங்கே இருந்தாலும் பரவாயில்லை.

செம்பருத்தி · பதிவு 18

பயாஸ் ஆயிற்று! நாற்பது விநாடிதான், மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது 320 ஜிபி காட்டுகிறது. சர்வீஸ் பேக் 2, 3 இரண்டும் ஏறின. எக்ஸ்பியில் மொத்தம் 298 ஜிபி. சி 60, மீதியில் டி உருவாக்கி ஃபார்மேட் செய்தேன்.

ஆனால் புதுப் பிரச்சினை. டியில் நகலெடுப்பது மிக மெதுவாக இருக்கிறது. 700 எம்பி கோப்புக்கு ஐந்து நிமிடம் ஆகிறது, அந்த நேரம் சுட்டிகூடத் தடுக்கித் தடுக்கி நகர்கிறது. டிஸ்க் போய்விட்டதா?

நெடுவழி · பதிவு 19

டிஸ்க் இல்லை, கேபிள் என்று நினைக்கிறேன். 199-ஆவது வரியில் 12 இருந்தது, இப்போது எவ்வளவு? டிவைஸ் மேனேஜரில் ஐடிஈ சேனலைத் திறந்து, தற்போதைய பரிமாற்ற முறை என்ன என்றும் பாருங்கள். பிஐஓ என்று இருந்தால் அதுதான் காரணம். கேபிளில் தொடர்ந்து பிழை வந்தால் எக்ஸ்பி டிஎம்ஏவை (பிராசஸர் சுமக்காமல் தரவு நகரும் முறை) கைவிட்டு பிஐஓவுக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு பைட்டையும் பிராசஸரே தூக்கிச் சுமக்கும். சுட்டி தடுக்குவது அதனால்தான்.

நீங்கள் சிடி டிரைவின் கேபிளைத்தானே முதலில் பயன்படுத்தினீர்கள்? அதன் கம்பிகளை எண்ணுங்கள். பட்டையாக, தடித்த கோடுகளோடு இருந்தால் 40 கம்பி. நுண்ணிய கோடுகளாக இருந்தால் 80. இந்த டிஸ்க்குக்கு 80 வேண்டும். அதில் நீல முனை போர்டுக்கு, கருப்பு முனை மாஸ்டருக்கு, நடுவில் சாம்பல் நிறம் ஸ்லேவுக்கு.

செம்பருத்தி · பதிவு 20

இது பழைய டிஸ்க்கோடு இருந்த 80 கம்பி கேபிள்தான். ஆனால் ஓரத்தில் ஒரு மடிப்பு இருக்கிறது, கேபினட் மூடியில் நசுங்கியிருக்கும்போல. 199 இப்போது 340. பிஐஓ என்றுதான் இருக்கிறது.

வேறு 80 கம்பி கேபிள் போட்டு, டிவைஸ் மேனேஜரில் அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி எழுப்பினேன். இப்போது அல்ட்ரா டிஎம்ஏ மோட் 5. அதே கோப்பு இருபது விநாடிக்குள் போகிறது. 199 340-லேயே நிற்கிறது.

குறிஞ்சிப்பூ · பதிவு 21

செம்பருத்தி, அப்பாவின் கோப்புகளை டியில் வைக்கும் முன் ஒன்று செய்யுங்கள். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு சிறு மென்பொருள் இருக்கிறது, எக்ஸ்பியிலும் ஓடும். டி முழுவதையும் சோதனைக் கோப்புகளால் நிரப்பி, பிறகு திரும்பப் படித்து எழுதியதே வருகிறதா என்று ஒப்பிடும். டி 60-இல் ஆரம்பிப்பதால் அது 68 ஜிபி எழுதியதும் 128-ஐத் தாண்டும். அந்த இடத்தில்தான் எனக்குப் போனது.

முதலில் எழுதி முடிக்கட்டும், அது தானாகப் படிக்க ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள். அது முடிந்ததும் கணினியை முழுதாக அணைத்து எழுப்புங்கள், எக்ஸ்பி எழுகிறதா என்று பாருங்கள். அப்புறம் படித்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒருவேளை தவறினாலும் போவது இந்த நகல்தான். பழைய டிஸ்க் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது.

செம்பருத்தி · பதிவு 22

செய்தேன் அக்கா. எழுத மட்டும் ஒன்றே முக்கால் மணி நேரம். 60 ஜிபி எழுதியதிலிருந்து அப்பாவும் நானும் திரையை விட்டு நகரவில்லை. 68 ஆனது, 69 ஆனது, 70 ஆனது. ஒன்றும் ஆகவில்லை. முழுதும் நிரம்பிய பிறகு அணைத்தேன். எக்ஸ்பி எழுந்தது. சரிபார்ப்பு இன்னொரு ஒன்றரை மணி நேரம். கடைசி வரி: பிழை இல்லை.

சோதனைக் கோப்புகளை அழித்துவிட்டு அப்பாவின் கோப்புகளை டிக்கு மாற்றியாயிற்று. வாரம் ஒரு முறை பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுக்க அப்பா ஒப்புக்கொண்டார். இணைய கேபிளைக் கழற்றிவிட்டேன், எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் 2014-இலேயே நின்றுவிட்டதே.

40 ஜிபி டிஸ்க்கின் மேல் இன்றைய தேதியையும் 'நகலெடுத்தது, 24 கேபி படிக்கவில்லை' என்றும் எழுதி, உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

நெடுவழி · பதிவு 23

அருமை. கழற்றிய அந்தச் சிறு ஜம்பரையும் அதே உறையில் போட்டுவிடுங்கள். மடிந்த கேபிளை மட்டும் இன்றே குப்பையில் போடுங்கள், இல்லையென்றால் இன்னொரு நாள் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.